சிலந்திக்காகச் சிந்திய கண்ணீர்

வகுப்பறையில் கதை ஒன்று படித்து முடிக்கப்படுகிறது. கதையின் இறுதியில் ஒரு சிலந்தி இறக்கிறது. அதனைக் கேட்டுக்கொண்டிருந்த நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்று அழுகிறது. உடன்பயிலும் சிறுவர் இருவர் அதைக் கண்டு நகையாடுகின்றனர். ஆசிரியை அக்குழந்தையைத் தேற்றுகிறார். ஒரு நூலுக்காகக் கண்ணீர் விடுவதற்கு இரக்கமும் கற்பனையும் வேண்டும். அவற்றை என்றும் இழந்துவிடலாகாது என்று பாராட்டுகிறார். அவ்வளவில் நிறுத்தியிருந்தால் நன்று. இப்பண்பு உள்ள நீ சிறந்த ஆண்மகனாக வளர்வாய் என்றும் வாழ்த்திவிடுகிறார். நகையாடியோரின் சொல்லைக் காட்டிலும் இந்த வாழ்த்தே குழந்தையை மிகுதியும் வருத்துகிறது. ஏனெனில், ஊரார் ஆண் என்று அழைக்கும் அக்குழந்தை தன்னைப் பெண் என்றே உள்ளத்தில் அறிந்திருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஜினோ 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுவர் புதினத்தில் வரும் காட்சி இது. 'ஜார்ஜ்' என்னும் பெயரில் முதலில் வந்த அந்நூல், 2022 முதல் 'மெலிசா' என்னும் பெயரில் வெளிவருகிறது. முன்னது ஊரார் அக்குழந்தைக்கு இட்ட பெயர். பின்னது குழந்தை தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். வகுப்பில் படிக்கப்பட்ட கதையோ இ. பி. வொயிட் எழுதி 1952இல் வெளிவந்த 'சார்லட்டின் வலை'. ஒரு நூல் மற்றொரு நூலின் கண்ணீரிலிருந்து பிறந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், கேத்தரின் பேட்டர்சன் 1977இல் வெளியிட்ட 'டெரபித்தியாவிற்கு ஒரு பாலம்' நிற்கிறது.

சிறுவர் புதினங்கள் ஒத்துணர்வை வளர்க்கின்றன என்பது பலரும் சொல்லும் கூற்று. எவ்வாறு வளர்க்கின்றன என்பதே ஆராயத்தக்கது. மேலே கூறிய ஆசிரியை கொடியவர் அல்லர், நல்லவர், இரக்கம் உடையவர். அவ்வாறிருந்தும், சிலந்தியின் துயரைக் குழந்தைகளுக்கு உணர்த்த வல்ல அவரால் தம் முன் நிற்கும் குழந்தையின் துயரை உணர இயலவில்லை. இரக்கம் வேறு, ஒத்துணர்வு வேறு. இரக்கம் தான் நின்ற இடத்திலேயே நின்று பிறரை நோக்கும். ஒத்துணர்வு பிறர் நிற்கும் இடத்திற்குச் சென்று அங்கிருந்து உலகை நோக்கும். அந்த இடப்பெயர்ச்சியை இம்மூன்று நூல்களும் எவ்வாறு நிகழ்த்துகின்றன என்பதைக் காண்பது ஆசிரியர்க்குப் பயன் தரும்.

இளிவும் இழவும்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுக்கிறது. அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல். இழவாவது உற்றாரையும் உரியவற்றையும் இழத்தல். அசைவாவது முன்னைய நிலை கெட்டுத் தளர்தல். வறுமை யாவரும் அறிந்தது.

இன்றைய நூலகங்களில் மரணத்துயர் பற்றிய சிறுவர் நூல்கள் ஒரு தட்டிலும், பால் அடையாளம் பற்றிய நூல்கள் வேறொரு தட்டிலும் வைக்கப்படுகின்றன. இரண்டும் தொடர்பற்ற பொருள்கள் என்றே பலரும் கருதுகின்றனர். மெய்ப்பாட்டியலின் நோக்கில் அவை ஒரே கண்ணீரின் இரு வாயில்கள். முன்னது இழவு, பின்னது இளிவு.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இழவு எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. பாட்டி இறப்பாள், வளர்த்த நாய் இறக்கும், நண்பன் ஊர்மாறிப் போவான். இழப்பை அறியாது வளரும் குழந்தை உலகில் இல்லை. தன் உடலும் தன் உள்ளமும் வேறு வேறு பெயர் சொல்லும் நிலையும், அதனால் வரும் இகழ்ச்சியும் சில குழந்தைகளுக்கே உரியவை. தனக்கும் நேரும் துயருக்காக அழுவது எளிது. தனக்கு நேராத துயரை உணர்வது அரிது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்ல ஒரு வழி வேண்டும். அவ்வழியை அமைப்பதே நல்ல சிறுவர் இலக்கியத்தின் பணி.

தனித்து இறந்த தோழி

வொயிட்டின் நூல் ஒரு கோடரியோடு தொடங்குகிறது. ஓர் உழவர், ஈற்றில் மிகச் சிறியதாகப் பிறந்த பன்றிக்குட்டியைக் கொல்லப் புறப்படுகிறார். அவருடைய மகள் ஃபெர்ன் எட்டு வயதுச் சிறுமி. அவள் தந்தையைத் தடுத்து, தான் சிறியவளாகப் பிறந்திருந்தால் தன்னையும் கொன்றிருப்பீர்களா என்று வினவுகிறாள். முதல் ஏட்டிலேயே இடப்பெயர்ச்சி நிகழ்ந்துவிடுகிறது. சிறுமி குட்டிக்காகக் கெஞ்சுவதோடு நிற்கவில்லை; குட்டியின் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்க்கிறாள்.

வில்பர் என்னும் அக்குட்டியைப் பின்னர்ச் சார்லட் என்னும் சிலந்தி காக்கிறது. தன் வலையில் புகழ்ச்சொற்களை நெய்து, மக்களை வியக்க வைத்து, குட்டியைக் கொலையினின்று மீட்கிறது. இறுதியில் ஊர்ச் சந்தையில் 514 முட்டைகள் அடங்கிய பையை நெய்து முடித்ததும் சார்லட்டின் ஆற்றல் ஒடுங்குகிறது. பண்ணைக்குத் திரும்பும் வலிமை அதற்கில்லை. வில்பர் முட்டைப் பையையாவது உடன்கொண்டு செல்ல எண்ணுகிறது. அதனை எடுத்துத் தருவதற்கு டெம்பிள்டன் என்னும் தன்னலமிக்க எலியை இணங்க வைத்து, இனித் தன் உணவை எலியே முதலில் உண்ணலாம் என்று விலை பேசுகிறது. பையைத் தன் வாய்க்குள் பொதிந்துகொள்கிறது.

இவ்விடத்தில் வொயிட் செய்திருக்கும் செயல் நினைந்து நினைந்து வியக்கத்தக்கது. வாயில் முட்டைப் பை இருப்பதால் வில்பரால் விடைபெறும் சொல் ஒன்றைக்கூடச் சொல்ல இயலவில்லை. கண்ணை மட்டும் சிமிட்டுகிறது. சார்லட் முன்கால் ஒன்றை உயர்த்தி அசைக்கிறது. மறுநாள் சந்தை கலைகிறது, கடைகள் பிரிக்கப்படுகின்றன, ஆளற்ற மைதானத்தில் சார்லட் இறக்கிறது. அப்போது அருகில் ஒருவரும் இல்லை என்பதை வொயிட் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். அழு என்று அவர் குழந்தைக்குக் கட்டளையிடவில்லை. ஆறுதல் மொழியும் கூறவில்லை. பேச இயலாத வாயையும் வெறிச்சோடிய மைதானத்தையும் காட்டி விலகிக்கொள்கிறார். எஞ்சிய வேலையைக் குழந்தையின் நெஞ்சு செய்கிறது. 1970இல் இந்நூலைத் தம் குரலிலேயே ஒலிப்பதிவு செய்தபோது, இப்பகுதியைப் படிக்க மாட்டாமல் வொயிட்டே பலமுறை குரல் உடைந்து நின்றார் என்பர்.

மெய்ன் மாநிலத்தில் பண்ணை வைத்திருந்த வொயிட், நோயுற்ற தம் பன்றி ஒன்றைக் காக்க முயன்று தோற்றதைப் பற்றி 1948இல் ஒரு கட்டுரை எழுதினார். நான்கு ஆண்டுகளில் இக்கதை வந்தது. வாழ்வில் காக்கமுடியாத உயிரைக் கதையில் காத்தார். ஆனால் மரணத்தை அவர் ஏய்க்கவில்லை. ஓர் உயிர் பிழைக்க, மற்றோர் உயிர் பிரிகிறது.

அதன் பின்னரும் கதை நிற்கவில்லை. பனிக்காலம் முழுவதும் வில்பர் முட்டைப் பையைக் காக்கிறது. இளவேனிலில் குஞ்சுகள் வெளிவந்து, பெரும்பாலானவை நூலிழையைக் காற்றில் விட்டுப் பறந்துபோகின்றன. மூன்று மட்டும் தங்குகின்றன. அவை வில்பருக்கு இனியவை. ஆயினும் சார்லட்டின் இடத்தை அவை நிரப்பிவிட்டன என்று வொயிட் பொய் சொல்லவில்லை. துயர் தீர்ந்தது என்று முடிக்காமல், துயர் பொறுப்பாக மாறியது என்று முடிக்கிறார். இதுவே இந்நூல் சிறுவர்க்குத் தரும் முதற் பாடம்.

பாலம் கட்டிய சிறுவன்

பேட்டர்சனின் நூல் பறவையும் விலங்கும் பேசும் உலகிலிருந்து மனித உலகிற்கு வருகிறது. தம் மகனின் சிறு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்த துயரிலிருந்து இந்நூல் பிறந்தது. 1978இல் நியூபெரி விருது பெற்றது.

ஜெஸ் என்னும் சிற்றூர்ச் சிறுவனும் நகரிலிருந்து வந்த லெஸ்லி என்னும் சிறுமியும் ஓடைக்கு அப்பால் டெரபித்தியா என்னும் கற்பனை நாடு ஒன்றை அமைக்கின்றனர். ஒருநாள் ஜெஸ் தன் இசை ஆசிரியையுடன் வாஷிங்டன் நகரின் ஓவியக்கூடத்திற்குச் செல்கிறான். லெஸ்லியையும் அழைத்துச் செல்லலாமா என்று அவன் கேட்கவில்லை. அன்று ஓடையைக் கடக்கும் கயிறு அறுந்து லெஸ்லி இறக்கிறாள். ஜெஸ் முதலில் நம்ப மறுக்கிறான், பின் சினக்கிறான், தன் தங்கையை அடிக்கிறான், லெஸ்லி பரிசாகத் தந்த வண்ணப் பெட்டியை ஓடையில் எறிகிறான். துயருற்ற குழந்தை எப்போதும் அமைதியாக அழுதுகொண்டிருப்பதில்லை என்பதைப் பேட்டர்சன் அஞ்சாமல் காட்டுகிறார். வகுப்பில் முரட்டுத்தனம் செய்யும் மாணவனுக்குப் பின்னால் ஓர் இழவு இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் இங்கே கற்றுக்கொள்கிறார்.

இந்நூல் துயரை மட்டும் பேசவில்லை என்பது பலர் நோக்காத ஒன்று. லெஸ்லியை முதன்முதலாகக் காணும்போது, குட்டை முடியும் கால்சட்டையுமாக நிற்கும் அவள் சிறுவனா சிறுமியா என்று ஜெஸ்ஸால் அறிய இயலவில்லை. சிறுவர்களின் ஓட்டப் பந்தயத்தில் அவள் புகுந்து அனைவரையும் வெல்கிறாள். மறுபுறம், ஜெஸ் ஓவியம் வரைவதில் நாட்டம் கொண்டவன்; அது ஆண்மகனுக்கு ஏற்றதன்று என்று அவன் தந்தை வெறுக்கிறார். ஆண் இவ்வாறு இருக்கவேண்டும், பெண் இவ்வாறு இருக்கவேண்டும் என்னும் வேலிக்குள் மூச்சுத் திணறும் இருவரே ஓடைக்கு அப்பால் ஒரு நாடு தேடுகின்றனர். இளிவே அவர்களை நண்பராக்கியது. இழவு அவர்களைப் பிரித்தது. வண்ணப் பெட்டியை எறிந்துவிட்டு அழும் ஜெஸ்ஸைத் தேடிவந்து, அந்தத் தந்தையே மடியில் வைத்து அணைத்துக்கொள்கிறார். ஆண்பிள்ளை என்பதால் நெடுங்காலம் மறுக்கப்பட்ட அணைப்பு, மரணம் வந்த பிறகே கிடைக்கிறது.

ஜெஸ் இறுதியில் ஓடையின்மேல் பலகைகளால் பாலம் கட்டி, தன் தங்கையை அதன் வழியே அழைத்துச் சென்று அரசியாக்குகிறான். லெஸ்லி தனக்குத் தந்ததை மற்றொருவருக்குத் தருகிறான். வில்பர் முட்டைப் பையைக் காத்தது போன்றதே இச்செயலும்.

ஒரு மாலையை ஈந்தவள்

இனி மெலிசாவின் கதை. சார்லட்டுக்காக அழுத அக்குழந்தை, பள்ளியில் அக்கதை நாடகமாக நடிக்கப்படும் என்று அறிந்ததும், சார்லட்டாக நடிக்க விழைகிறாள். மேடையில் தன்னைப் பெண்ணாகக் கண்டால் தாய் உண்மையை உணர்வாள் என்பது அவள் எண்ணம். நடிகர் தேர்வில் சார்லட்டின் பகுதியை நன்கு படிக்கிறாள். ஆசிரியை அதனை விளையாட்டு என்று கருதி மறுத்துவிடுகிறார். அந்தப் பகுதி அவளுடைய உயிர்த்தோழி கெல்லிக்குக் கிடைக்கிறது.

கெல்லியின் படைப்பில்தான் நூலின் உயிர் இருக்கிறது. முதலில் அவள் இச்செய்தியை நடிப்பாகவே கொள்கிறாள். பெண் வேடம் பூணுவது நடிகர்க்கு இயல்புதானே என்று எண்ணுகிறாள். வேடம் அன்று, தான் பெண்ணே என்று மெலிசா கூறும்போது திகைக்கிறாள். திகைப்புக்குப் பின் ஏற்கிறாள். இந்த மூன்று படிகளும் சிறுவர்க்கு மிகவும் தேவை. ஒத்துணர்வு பிறவியிலேயே முழுமையாக அமைந்த ஒன்றாகக் காட்டப்பட்டால், திகைக்கும் குழந்தை தன்னைத் தீயவன் என்று கருதிக்கொள்ளும். திகைப்பதில் குற்றமில்லை, திகைத்த இடத்திலேயே நின்றுவிடுவதுதான் குற்றம் என்று கெல்லி கற்பிக்கிறாள்.

நாடகம் இருமுறை நடைபெறுகிறது. முதல் நிகழ்ச்சியில் கெல்லி சார்லட்டாக நடிக்கிறாள். மாலை நிகழ்ச்சியில் தன் இடத்தை யாருக்கும் தெரியாமல் மெலிசாவுக்குத் தந்துவிடுகிறாள். சிலந்தியின் மொழியைப் பேசி, சிலந்தியின் மரணத்தை மேடையில் இறந்து, மெலிசா முதன்முறையாகத் தன் உருவில் ஊரார் முன் வாழ்கிறாள். எத்தகைய முரண் பாருங்கள்! மரணக் காட்சியே ஒரு குழந்தைக்குப் பிறப்பாகிறது.

கெல்லி தந்தது அறிவுரை அன்று, கண்ணீரும் அன்று. ஊரார் கைதட்டும் ஒரு மாலைப்பொழுதைத் தந்தாள். தனக்கு உரிய இடத்திலிருந்து எழுந்து பிறருக்கு இடம் விட்டாள். மூன்று நூல்களும் இந்த ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. வில்பர் தன் உணவின் முதற் பங்கை விட்டுக்கொடுத்தது. ஜெஸ் தன் கற்பனை நாட்டின் அரியணையைத் தங்கைக்குத் தந்தான். கெல்லி மேடையைத் தந்தாள். சிறுவர் புதினம் வளர்க்கும் ஒத்துணர்வு கண்ணீரில் தொடங்கலாம், விட்டுக்கொடுத்தலில்தான் நிறைவுறும்.

அதற்கு வாசகரை ஆயத்தப்படுத்தும் வாயில் சார்லட்தான் என்பதை மறக்கலாகாது. மெலிசாவின் நிலை ஒரு குழந்தை வாசகருக்குப் புதியதாக இருக்கலாம். சிலந்திக்காக அழுத கண்ணீர் புதியதன்று. தன்னைப் போலவே அழுத ஒருத்தியின் கைபற்றி வாசகர் உள்ளே செல்கிறார். இழவின் வழியே இளிவுக்குச் செல்லும் பாதை இதுவே.

அவள் என்னும் சொல்

ஜினோ மேற்கொண்ட மற்றொரு முறை தமிழாசிரியர் கருத்தில் கொள்ளத்தக்கது. கதைமாந்தர் அனைவரும் அக்குழந்தையை ஜார்ஜ் என்றும் அவன் என்றும் அழைக்கின்றனர். கதை சொல்லும் குரல் மட்டும் முதல் ஏட்டிலிருந்தே அவள் என்று கூறுகிறது. விளக்கம் ஏதும் இல்லை, முன்னுரையும் இல்லை. வாசகர் புரிந்துகொள்வதற்கு முன்பே மதிக்கப் பழகிவிடுகிறார். புரிந்த பின்னரே மதிப்பேன் என்பது உலக வழக்கு. மதித்துப் பழகினால் புரியும் என்பது இந்நூலின் வழி.

ஆங்கிலத்தில் இப்பழக்கம் பெயர்ச்சொல்லுக்கு மாற்றாக வரும் சிறுசொல்லில் மட்டுமே அமையும். தமிழிலோ வினைமுற்றே பால் காட்டும். வந்தாள், நின்றாள், அழுதாள் என்று ஒவ்வொரு வாக்கியமும் முடியும். இந்நூலைத் தமிழில் சொல்ல முனைவோர் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கு முன்பும் அக்குழந்தைக்கு மதிப்பளித்தாக வேண்டும். அல்லது ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கு முன்பும் அதனை மறுத்தாக வேண்டும். இடையில் ஒதுங்கி நிற்கத் தமிழ் எளிதில் இடந்தராது. அவர் என்னும் மதிப்புச்சொல் பெரியவர்க்குப் பொருந்தும். ஆண், பெண் என்னும் இரண்டனுள் அடங்காதவராகத் தம்மைக் கூறிக்கொள்ளும் ஜினோவுக்கு அது நன்கு பொருந்துகிறது. பத்து வயது மெலிசாவுக்கோ, அவள் தேடும் சொல்லைத் தராமல் தப்பித்துக்கொள்ளும் வழியாக அது முடிந்துவிடும்.

தமிழ் இலக்கணத்திற்கு இச்சிக்கல் புதியதன்று. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணை ஈறுகளையே கொள்ளும் என்றும் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுகிறது. ஈறு தனியாக இல்லாவிடினும் அவர்கள் மக்கள் வரிசையினின்று நீங்கியவர் அல்லர் என்பதைச் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியர் வரையறுத்துவிட்டார். இன்று திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் வழக்கில் வந்து, பெயர்க்குறையையும் பெருமளவு நீக்கியுள்ளன.

நன்னூலார் மேலும் ஒன்று கூறுகிறார். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறி வருதலை வழுவமைதியாக ஏற்கிறார். தாய் தன் மகனை உவப்பினால் 'என் அம்மை வந்தாள்' என்று கொஞ்சுவது இதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. மெலிசாவின் கதையை இவ்விதியின் ஒளியில் நோக்கினால் அதன் நுட்பம் விளங்கும். நகையாடும் சிறுவர்கள் அவளைப் பெண் என்று கூறுவது இழிப்பினால் வந்த பால்மாற்றம். ஜினோவின் கதைக்குரல் அவளைப் பெண் என்று கூறுவதோ உவப்பினால் வந்த வழுவமைதி அன்று. அது வழாநிலை என்பதே நூலின் கோட்பாடு. ஒரே சொல் ஒருவர் வாயில் இகழ்ச்சியாகவும் மற்றொருவர் வாயில் உண்மையாகவும் ஒலிக்கிறது. சொல்லின் பின்னால் நிற்கும் நெஞ்சே பொருளை வேறுபடுத்துகிறது என்பதை இதனினும் தெளிவாக ஒரு வகுப்பிற்கு எடுத்துக்காட்டுவது கடினம்.

குறைகளும் மறுப்புகளும்

இந்நூல்கள் குறையற்றவை அல்ல. வொயிட்டின் கதையில் ஃபெர்ன் தன் பாதியிலேயே மறைந்துவிடுகிறாள். வில்பரைக் காத்த அச்சிறுமி, சந்தையில் இராட்டினம் ஏறும் மகிழ்ச்சியில் அதன் வெற்றியைக்கூடக் காணாது போகிறாள். வளர்ச்சியின் இயல்பு அது என்று கொள்ளலாம். ஆயினும் நெஞ்சு நிறையவில்லை. ஜினோவின் நூலில் தீங்கு செய்யும் சிறுவன் வெறும் தீயவனாகவே நிற்கிறான்; அவன் ஏன் அவ்வாறானான் என்று ஒரு வரியும் இல்லை. ஒத்துணர்வைப் போதிக்கும் நூல் தன் பகைவனிடத்து அதனைச் சுருக்கிக்கொள்வது குறையே. மெலிசாவின் பெண்மை பெரும்பாலும் ஏடுகளில் வரும் ஒப்பனையாலும் பாவாடையாலுமே காட்டப்படுகிறது. கால்சட்டை அணிந்து ஓட்டத்தில் வென்ற லெஸ்லியை அறிந்தவர்க்கு இது குறுகிய பெண்மையாகத் தோன்றும். அண்ணன் எளிதில் ஏற்பதும், தோழியின் சிற்றப்பாவுடன் விலங்குக் காட்சிசாலைக்குச் செல்லும் இனிய முடிவும் வாழ்வில் யாவர்க்கும் வாய்ப்பன அல்ல. தாய் உடனே ஏற்காது தடுமாறுவதில்தான் வாழ்வின் மணம் இருக்கிறது.

இவற்றைக் காட்டிலும் பெரிய மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. சிறுவர்க்கு இவையெல்லாம் ஏன் என்பதே அது. அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில், 2018, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூலாக ஜினோவின் நூலே முதலிடம் பெற்றது. பேட்டர்சனின் நூலும் 1990களில் அத்தகைய பட்டியலின் முதற்பத்தில் இருந்தது. பெற்றோரின் அச்சத்தை இகழ்வது முறையன்று. குழந்தையைக் காக்கவேண்டும் என்னும் எண்ணத்திலிருந்து பிறப்பது அது. ஆனால், மறைப்பதனால் மரணம் வராது நிற்பதில்லை. மறைப்பதனால் மெலிசாக்கள் பிறவாது நிற்பதும் இல்லை. மறைப்பினால் விளையும் பயன் ஒன்றே: துயர் வரும்போது குழந்தை தனித்து நிற்கும். சந்தை மைதானத்துச் சார்லட்டைப் போல, அருகில் எவரும் இன்றி.

ஆசிரியரின் பங்கு

நூலைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. இத்தாலிய ஆய்வாளர் சிலர் ஐந்தாம் வகுப்பு மாணவர் 34 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2015இல் ஆய்விதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினர் ஹாரி பாட்டர் கதைகளில் இகழ்ச்சியையும் ஒதுக்குதலையும் காட்டும் பகுதிகளை ஆறு வாரம் படித்து, குழுவாகக் கூடிக் கலந்துரையாடினர். மற்றொரு பிரிவினர் அத்தகைய பொருள் இல்லாத பகுதிகளைப் படித்தனர். முதற் பிரிவில், கதைத்தலைவனோடு தம்மை ஒன்றுபடுத்திக்கொண்ட மாணவரிடத்துக் குடியேறிகள் பற்றிய மனப்பான்மை மேம்பட்டிருந்தது. ஆய்வு சிறியது; அதன்மேல் பெரிய மாளிகை எழுப்பலாகாது. எனினும் ஆசிரியர் தம் அனுபவத்தால் அறிந்த ஒன்றோடு அது ஒத்துப்போகிறது. படித்தலோடு பேசுதலும், பேசுதலோடு ஒன்றுதலும் சேரவேண்டும்.

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் சிறுவர் நூல்களைக் கண்ணாடிக்கும் சாளரத்திற்கும் கதவுக்கும் ஒப்பிட்டார். தன்னைக் காண்பது கண்ணாடி. பிறரைக் காண்பது சாளரம். உள்ளே செல்ல இடந்தருவது கதவு. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் முப்பத்தொன்பது பேருக்கு மெலிசாவின் கதை சாளரமாக இருக்கலாம். ஒருவருக்கு அது கண்ணாடியாக இருக்கக்கூடும். அவர் யார் என்று ஆசிரியர் அறியமாட்டார். அறிய முயல்வதும் வேண்டா. அவ்வொருவர் அங்கே இருக்கிறார் என்று கருதியே பேசவேண்டும். அண்மையில் பாட்டியை இழந்த மாணவியும் அவ்வாறே அங்கே இருக்கக்கூடும்.

ஆகவே, இத்தகைய கதை முடிந்ததும், இதன் படிப்பினை யாது என்று வினவுவது பயனற்றது. மாணவர் ஆசிரியர் விரும்பும் விடையை எழுதித் தருவர். வில்பர் ஏன் பேசாமல் கண்ணைச் சிமிட்டியது? ஜெஸ் ஏன் வண்ணப் பெட்டியை எறிந்தான்? ஆசிரியையின் பாராட்டு மெலிசாவுக்கு ஏன் வலித்தது? கெல்லி எதை விட்டுக்கொடுத்தாள்? இவை போன்ற வினாக்கள் மாணவரை எழுந்து வேறோர் இடத்தில் நின்று பார்க்கச் செய்யும்.

அந்த மூன்றாம் வினா ஆசிரியர்க்கும் உரியது. மெலிசாவின் ஆசிரியை கதையை நன்றாகப் படித்தார், கண்ணீரை மதித்தார், கருணையைப் பாராட்டினார். கண்ணீர் விட்டவர் யார் என்பதை மட்டும் தாமே முடிவு செய்துவிட்டார். நன்மை செய்யும் நெஞ்சோடு சொல்லப்படும் வாழ்த்தும் ஒரு குழந்தையைக் காயப்படுத்தக்கூடும் என்று அறிந்த ஆசிரியர், அடுத்த முறை வாழ்த்துமுன் சற்றே நின்று, குழந்தை சொல்வதைக் கேட்பார். சிலந்திக்காகச் சிந்திய கண்ணீர் வீணாகாமல் இருக்க அது ஒன்றே வழி.